மரச் சாமான்களுக்கு முதுமை வருவது எதனால்?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எகிப்து நாட்டின் அரசர்களின் பள்ளத்தாக்கில், ஹோவர்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் துட்டங்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த பொன் முகமூடியை அறியாதவர் இல்லை. ஆனால் அதே கல்லறைக்குள் மரத்தால் செய்த நாற்காலிகளும் கட்டில்களும் பெட்டிகளும் இருந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தச் சாமான்கள் இன்றும் எகிப்தில் காட்சிக்கு உள்ளன.

மூவாயிரம் ஆண்டுகள் ஒரு நாற்காலி நின்றிருக்கிறது. நம் ஊரிலோ, எண்பது ஆண்டுகள் ஒரு குறையுமின்றி நின்ற பீரோ, வீடு மாறிய ஓராண்டுக்குள் வெடித்துவிடுகிறது. ‘அதற்கும் வயதாகிவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் எகிப்திய நாற்காலிக்கு வயதாகவில்லையா? ஆகவே, ஆண்டுகள் மட்டும் மரச் சாமானைக் கெடுப்பதில்லை. அது நிற்கும் வீட்டின் காற்றும் தரையும் சுவரும் வெளிச்சமும், அதைத் துடைப்பவர் கையும் சேர்ந்துதான் அதன் ஆயுளை முடிவு செய்கின்றன. எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி இப்போது பெரிதாக எழுந்திருப்பதால், எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடமும், எங்கள் ஊர் ஆசாரி ஒருவரிடமும் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மரத்தின் தாகம்

வெட்டப்பட்ட மரத்துக்கு உயிர் போய்விடுகிறது. தாகம் மட்டும் போவதில்லை. மரம் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய குழாய்களின் கட்டு. உயிருள்ள மரத்தில் அக்குழாய்களுக்குள் நீர் ஓடுகிறது. மரத்தை வெட்டி உலர்த்தும்போது முதலில் குழாய்களுக்குள் உள்ள நீர் வெளியேறும். அதனால் மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு குறையாது. பிறகு குழாய்ச் சுவர்களுக்குள்ளே ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். மரத்தின் உலர் எடையில் நீரின் அளவு சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இது நிகழ்கிறது. மரம் சுருங்குவது அப்போதுதான்.

உலர்ந்த மரம் மீண்டும் நீரை ஏற்காது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. எண்பது வயதுப் பலகையும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். நம் ஊர் வெப்பநிலையில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக நீடித்தால், மரத்துக்குள் சுமார் 9 சதவீதம் நீர் தங்கும். காற்று 80 சதவீதமானால் மரத்துக்குள் 15, 16 சதவீதம் ஆகிவிடும். கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே நம் வீட்டுக் கட்டில், கதவு, மேசை யாவும் இப்படி ஆண்டுதோறும் குடித்தும் கக்கியும் வருகின்றன. மழைக்காலத்தில் இழுப்பறை சிக்கிக்கொண்டு வர மறுப்பதும், பங்குனி சித்திரையில் தானாகக் கழன்று வருவதும் இதனால்தான்.

இதில் ஒரு விந்தை உண்டு. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்குவாக்கில் அசைகிறது. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதியளவாகவும் அசைகிறது. பச்சை மரம் முழுவதும் உலர்ந்தால், தேக்கு வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டைத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். பல மரங்கள் இதைவிட அதிகம் சுருங்குகின்றன. தேக்கின் மேல் நம் முன்னோர் அவ்வளவு பிரியம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகையில் நீரின் அளவு 15 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று கொள்வோம். 30-க்கு 5.8 என்றால் 6-க்கு ஏறத்தாழ 1.16 சதவீதம். அதாவது பலகை அகலத்தில் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். அதே பலகை ஆறடி நீளம் இருந்தாலும், நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. கணிதப் பாடத்தில் சதவீதக் கணக்கு எதற்கு என்று கேட்கும் தோழியருக்கு இதைக் காட்டலாம்.

நாலரை மில்லிமீட்டர் சிறிய அளவு என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பலகையை நான்கு பக்கமும் ஆணி அடித்தோ, பசை போட்டோ அசையாமல் பிடித்து வைத்திருந்தால், அது எங்கே போய்ச் சுருங்கும்? போக வழியில்லாமல் தன்னைத் தானே நடுவில் பிளந்துகொள்ளும்.

ஆசாரி விட்ட இடைவெளி

பழைய தச்சர்கள் இந்தச் சதவீதங்களை எழுதி வைக்கவில்லை. ஆனால் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு பழைய பீரோவின் கதவை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் நான்கு சட்டங்கள். நடுவே அகலமான பலகை. சட்டங்கள் ஒன்றோடொன்று கழுந்தும் துளையுமாக இறுக்கப்பட்டிருக்கும். நடுப்பலகையோ எதனோடும் ஒட்டப்பட்டிருக்காது. சட்டத்தின் உள்விளிம்பில் ‘காடி’ என்னும் பள்ளம் இழைத்து, அதற்குள் பலகையின் ஓரத்தைச் சொருகி, கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் பலகை காடிக்குள் சுருங்கிக்கொள்ளும். மழைக் காலத்தில் அதே காடிக்குள் விரிந்துகொள்ளும். சட்டம் தன் அளவில் நிற்கும். கதவும் சரியாகச் சாத்தும். நம் ஆலயங்களில் உள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டிகளிலும், திருவுடைகள் வைக்கும் அலமாரிகளிலும் இதே வேலையைப் பார்க்கலாம். சூசையப்பரின் பட்டறையிலும் இப்படித்தான் இழைத்திருப்பார்களோ என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. அது என் கற்பனைதான்.

அந்தக் காடியில் தெரியும் சிறு சந்து ஒரு குறையல்ல. அதுதான் வேலையின் உயிர். இதை அறியாதவர்கள் அச்சந்தை அடைத்துவிடுவதால் வரும் கேட்டைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கு ஏராளம். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த மரம் அது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு அந்த வாழ்வு முடிந்தது. பெரிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில பிரிக்கப்படுகின்றன. அவற்றின் தூண்களும் கதவுகளும் பீரோக்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பனைக்கு நிற்கின்றன. எங்கள் குடும்பம் பெரிய வீட்டுக் குடும்பம் அன்று. ஆயினும் என் அப்பாவின் தாத்தா 1938-இல் ஒரே மரத்தில், ஒரே ஆசாரியைக் கொண்டு இரண்டு பீரோக்களும் ஒரு பெரிய பெட்டியும் செய்வித்தார். ஒன்று இன்றும் காரைக்குடிக்கு அருகில் அப்பத்தாவின் ஓட்டு வீட்டில் இருக்கிறது. மற்றொன்று 2023-இல் பெரியப்பாவின் சென்னை அடுக்குமாடி வீட்டுக்குப் போயிற்று. பெட்டி அதற்கும் வெகு காலம் முன்பே அத்தையோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஒரே மரம், ஒரே கை, ஒரே வயது. வீடு மட்டும் மூன்று. சோதனைச் சாலையில் வேண்டுமென்றே செய்தாலும் இதைவிட நல்ல சோதனை அமையாது என்று அருட்சகோதரி சொன்னார்கள்.

அப்பத்தா வீடு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. சுவர் ஒன்றரை முழத்துக்குக் குறையாது. நடுவில் முற்றம், மேலே நாட்டு ஓடு. எங்கள் பகுதி கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் கோடையில் காற்று மிக வறண்டுவிடும். கார்த்திகையில் சுவரெல்லாம் குளிர்ந்து ஈரம் ஏறும். ஆகவே அங்கே பீரோ அசையாமல் இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். அது நன்றாகவே அசைகிறது. நானே அதைச் சோதித்தேன். சித்திரை மாதம் நடுப்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு அஞ்சலட்டைகளைச் சேர்த்து நுழைக்க முடிந்தது. ஐப்பசியில் ஓர் அட்டைகூட நுழையவில்லை. ஆனால் இந்த மாற்றம் ஒரு பகலில் நடப்பதன்று. மாதக்கணக்கில் மெதுவாக நடப்பது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஓடும், மரத்தைப் போலவே ஈரத்தை வாங்கி வைத்து மெல்லக் கொடுக்கின்றன. மெதுவான மாற்றத்துக்குப் பலகை முழுவதும் ஒன்றாக ஈடுகொடுக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கதவில் ஒரு கீறல் இல்லை.

தூத்துக்குடிப் பெட்டியிலும் வெடிப்பு இல்லை. கடற்கரையில் காற்று ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருப்பதால், மரத்துக்கு ஏற்ற இறக்கம் குறைவு. அங்கே கெட்டது இரும்புதான். உப்புக் காற்றில் ஆணிகளும் கீல்களும் துருப்பிடித்து வீங்கி, சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கிவிட்டன. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போன்ற கறுப்பு நிறம் உண்டாகும். பழைய காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் செய்தார்களாம். அத்தை பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் துலக்குவதால், அவற்றைச் சுற்றிலும் பாலிஷ் போய் வெளுத்த வட்டங்கள் விழுந்துள்ளன. கைப்பிடியைக் கழற்றித் துலக்கி மாட்டினால் இது நேராது.

பெரியப்பாவின் பீரோதான் வெடித்தது. சென்னையும் கடற்கரை நகரமாயிற்றே, அங்கே மட்டும் ஏன்? அது நின்ற அறையில் பெரியப்பா வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார். பகலெல்லாம் குளிர்சாதனம் ஓடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்குழாயிலிருந்து வெளியே சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது அறையின் காற்றிலிருந்து பிழிந்து எடுத்த நீர். அறைக்குள் இருக்கும் மரத்தின் நீரும் அதில் அடக்கம். மாலையில் எந்திரத்தை நிறுத்திச் சன்னலைத் திறந்தால், கடற்காற்று உள்ளே வரும். பலகையின் மேற்புறம் உடனே ஈரத்தை வாங்கும். உட்புறத்துக்கு அது போய்ச் சேரப் பல நாட்கள் ஆகும். அதற்குள் மறுநாள் எந்திரம் ஓடத் தொடங்கிவிடும். நம் ஊர் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இழுபறி, அங்கே மேற்பரப்பில் தினமும் நடந்தது. அதோடு மாதங்கள் செல்லச் செல்ல, பலகை மொத்தமாகவும் சுருங்கி வந்தது.

இவ்வளவு நடந்தும் காடி திறந்திருந்தால் பலகை தப்பியிருக்கும். ஓரத்தில் பாலிஷ் படாத ஒரு வெள்ளைக் கோடு தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் சென்னைக்குக் கொண்டுபோகும் முன் ‘புதிது போல ஆக்குவதற்காக’ அதை ஒரு கடையில் கொடுத்திருந்தார்கள். அங்கே சந்துகளையெல்லாம் மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து அடைத்து, மேலே கனமான வார்னிஷ் பூசித் தந்தார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. காடிக்குள் பலகை ஒட்டிப்போயிற்று. அடுத்த சித்திரைக்குள், மேலிருந்து கீழ் வரை கதவின் நடுவே ஒரு பிளவு. பெரியம்மா இரவில் ‘டப்’ என்ற சத்தம் கேட்டு எழுந்தார்களாம்.

குளிர்சாதனத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதற்கு மாறான ஒரு சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்களை, குண்டு வீச்சுக்கு அஞ்சி வேல்ஸ் பகுதிக்கு எடுத்துச் சென்றார்கள். 1941 முதல் அவற்றை மனோட் என்னும் இடத்தில், ஒரு பலகைக்கல் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். அவற்றுள் பல, துணியில் அல்லாமல் மரப்பலகையில் வரைந்த பழைய படங்கள். இலண்டனில் இருந்தவரை அவற்றில் வண்ணம் உரிவதும் பலகை நெளிவதும் ஓயாத தொல்லை. சுரங்கத்துக்குள் வெப்பத்தை சுமார் 17 டிகிரி செல்சியசிலும், ஒப்பு ஈரப்பதத்தை 42 சதவீதத்திலும் இரவு பகல் மாறாமல் நிறுத்தி வைத்தார்கள். தொல்லை ஏறக்குறைய நின்றே போயிற்று. 1945-இல் போர் முடிந்து, படங்கள் இலண்டனுக்குத் திரும்பியவுடன் மீண்டும் தொடங்கிற்று. அதன் பின்னரே அந்தக் கூடத்தில் காற்றைப் பதப்படுத்தும் எந்திரங்களை அமைத்தார்கள். மரத்துக்கு வறட்சியோ ஈரமோ அத்தனை பகையல்ல. ஓயாமல் மாறுவதே பகை. துட்டங்காமனின் நாற்காலி மூடிய கல்லறைக்குள் பிழைத்ததற்கும் இதுவே பெருங்காரணம்.

தரை, சுவர், சன்னல்

காற்றைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். வீட்டில் வேறு காரணங்களும் உள்ளன.

நாம் வாளி வாளியாக நீர் ஊற்றித் தரை கழுவுகிறோம். பீரோவின் கால் நுனியில் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கின்றன. அவ்வழியாக நீர் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக மேலேறும். பழைய பீரோக்களில் முதலில் உளுப்பது கால்தான் என்பதை யாரும் பார்க்கலாம். அப்பத்தா கால்களுக்கு அடியில் சிறு கருங்கல் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். அவற்றின் மேல் கால் நிற்பதால், தரையில் ஓடும் நீர் அதைத் தொடுவதில்லை. கறையான் ஏறினாலும் அதன் மண்பாதை கல்லின் மேல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், நான்கு விரற்கடை தள்ளி வைப்பதும் இதற்காகவே. மழைக்காலத்தில் சுவரின் ஈரம் மரத்துக்கு வராது. பின்புறம் காற்றும் ஓடும்.

தேக்கைக் கறையான் தொடாது என்பார்கள். அது வைரக்கட்டைக்கு மட்டும் பொருந்தும். வைரம் பாய்ந்த தேக்கில் டெக்டோகுவினோன் என்னும் பொருள் இருக்கிறது; அது கறையானுக்கு ஆகாது. வெளிப்புறத்துச் சாற்றுக்கட்டையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய பெட்டிகளின் முகப்பு நல்ல வைரமாக இருக்க, பின்பலகை வெளிறிய மட்ட மரமாக இருப்பது உண்டு. ஆகவே பின்பக்கத்தைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவு துளைகளும், கீழே மைதா போன்ற தூளும் தெரிந்தால் அது உளுப் பூச்சி. தூளைத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வைத்துச் சில வாரங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். புதிய தூள் விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் அது எப்போதோ போய்விட்டது. வீணாக மருந்து அடிக்க வேண்டியதில்லை.

வெயிலின் வேலை வேறு விதமானது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள், மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பு வெயிலில் வெளுத்துவிடும். பலா மரமோ மஞ்சளில் தொடங்கி நாளடைவில் செம்பழுப்பாகக் கறுக்கும். அது கேடல்ல, அழகு. சன்னலோரம் நின்ற மேசையின் மேல் விரித்திருந்த துணியை எடுத்துப் பார்த்தால், துணியின் வடிவம் அப்படியே மேசையில் பதிந்திருக்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. திரை போடுவது ஒன்றே வழி.

இனி, நம் அன்பினால் வரும் கேடு. பழைய சாமான்களுக்கு மேற்பூச்சு பெரும்பாலும் அவலரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைப்பது. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பல நாட்கள் தேய்த்து ஏற்றுவார்கள். அதன் மேல் சூடான காப்பித் தம்ளரை வைத்தால் ஈரம் உள்ளே புகுந்து வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட்டில் கரைந்தது, ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரையும். 2020-இல் கொரோனா வந்தபோது கை கழுவும் சானிடைசர் சொட்டியே எத்தனையோ பழைய மேசைகளில் புள்ளி விழுந்தது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். தேங்காய் எண்ணெய் காற்றில் உறையாத எண்ணெய். அது பிசுபிசுப்பாகவே கிடந்து, தூசியைப் பிடித்து, மழைக்காலத்தில் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி தேவைப்பட்டால், நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும்.

பசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து ஆசாரிகள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைக்கொண்டு ஒட்டினார்கள். அது ஈரத்தில் இளகும். அது அதன் பலவீனம். ஆனால் அதனாலேயே, கால் ஆடினால் வெந்நீர் ஒற்றிப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிவிடலாம். மரத்துக்கு ஒரு சேதமும் இராது. இக்காலத்துப் பசைகள் மிக உறுதியானவை. அவற்றால் ஒட்டியதைப் பிரிக்கப் போனால், பல நேரங்களில் பசைக்கு முன் மரம் பிய்ந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் எதைக்கொண்டு ஒட்டுகிறீர்கள் என்று முன்கூட்டிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எங்கள் ஊர் ஆசாரியிடம் நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, ‘பிரிக்கத் தெரிஞ்சவன்தான் சேர்க்கணும், பாப்பா’ என்றார்.

இரண்டு பீரோக்களின் நிலை

அப்பத்தாவுக்கு இப்போது தனியாக இருக்க முடியவில்லை. வருகிற தை மாதம் எங்களோடு வந்துவிடுவார்கள். ஓட்டு வீடு பூட்டப்படும். அந்தப் பீரோவை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பெரியப்பா வீட்டுக் கதையைக் கேட்டிருந்ததால், ‘வீணாகப் போவதற்கு முன் விற்றுவிடலாம்’ என்று சிலர் சொன்னார்கள். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. அதற்குள் அவர்களுடைய கலியாணச் சேலையும், தாத்தாவின் கண்ணாடியும், எங்கள் எல்லோருடைய ஞானஸ்நானச் சான்றிதழ்களும் இருக்கின்றன. நான் மேலே எழுதியவற்றை அப்பாவிடம் கணக்கோடு எடுத்துச் சொன்னேன். விற்பதில்லை என்று முடிவாயிற்று.

எங்கள் வீடு கான்கிரீட் வீடு. கோடையில் கூரை மிகவும் காயும். ஆகவே மாடி அறையை விட்டு, கீழ்த்தளத்தில் வெயில் படாத உட்சுவர் ஓரமாக அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். தை மாதத்தில் மழை ஓய்ந்து, வெயில் ஏறாத நேரம். மரம் விரிந்தும் இராது, மிகச் சுருங்கியும் இராது. எடுத்துச் செல்வதற்கு அதுவே ஏற்றது என்று ஆசாரி சொன்னார். முதல் சில மாதங்கள் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும்; அப்போதுதான் பலகையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே காற்றைப் பெறும். கருங்கல் துண்டுகள் நான்கும் கூடவே வருகின்றன. பாலிஷ் கடைக்கு அனுப்பப்போவதில்லை.

பெரியப்பாவின் பீரோவையும் எங்கள் ஊர் ஆசாரி சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காடியில் அடைத்ததைக் கீறி எடுத்து முதலில் பலகையை விடுவிக்க வேண்டும் என்றார். பிளவில் பசையை ஊற்றி அமுக்கக் கூடாதாம். அப்படிச் செய்தால் வேறிடத்தில் வெடிக்கும். பழைய தேக்கிலிருந்தே ஒரு மெல்லிய கீற்றை இழைத்துப் பிளவுக்குள் இறக்கி, ஒரு பக்கம் மட்டும் வஜ்ஜிரம் வைத்து ஒட்ட வேண்டும். மறுபக்கம் மரம் தன் விருப்பப்படி அசையட்டும் என்றார். அதையும் இப்போதே செய்ய அவர் சம்மதிக்கவில்லை. பலகை அந்த அறையில் இன்னும் ஒரு கோடையும் ஒரு மழையும் கண்ட பிறகுதான் அளவெடுப்பாராம். பெரியப்பா காரைக்குடியில் ஒரு பழைய நிலைச் சட்டத்துத் துண்டை வாங்கிப் போனார். அது இப்போது சென்னையில், அதே அறையில், அந்தப் பீரோவின் தலைமேலேயே கிடந்து அந்த அறைக் காற்றுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது.